அவள் மறக்கப்போகும் நாட்கள்

ஒரு மனையை விற்றால் அதற்கு நான்கெல்லை எழுதுகிறோம். கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு, வடக்கே யாருடைய சுவர், தெற்கே எந்த வாய்க்கால், மொத்தம் எத்தனை சதுர அடி. புதுச்சேரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்க்கும் எனக்கு இதுதான் அன்றாடம். பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரத்தைச் சிலர் துணிப்பையில் சுற்றி எடுத்துவருவார்கள். தொட்டால் உதிரும் அந்தத் தாள்களில் யார் யாரிடம் வாங்கினார், என்ன விலை, எங்கே சுவர் என்பதெல்லாம் இருக்கும். அந்த வீட்டில் பிறந்து தவழ்ந்து வளர்ந்து கல்யாணமாகிப் போன பெண்களைப் பற்றி, கையெழுத்துப் போட வேண்டிய இடம் தவிர வேறு எங்கும் ஒரு சொல் இருக்காது.

என் அம்மாவின் ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டது. வீட்டில் சொன்னது, "பாகூர் ஏரி ரொம்பின வருஷம், ஐப்பசிக் கடைசி" என்பது மட்டும்தான். மாமாவுக்கு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். நாழிகை, விநாடி வரை அதில் உண்டு. அம்மாவுக்கு எழுதவில்லை. அவர் எப்போது நடந்தார், முதலில் என்ன பேசினார், எதற்கு அழுதார், யார் இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்றார் என்பதெல்லாம் என் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். பாட்டி போனபோது அதுவும் போய்விட்டது. அம்மாவாலேயே அதைச் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. மூன்று வயதுக்கு முன் நடந்தவை ஏறக்குறைய எதுவும் வளர்ந்தவர்களின் நினைவில் நிற்பதில்லை என்பது உளவியலாளர்கள் பலமுறை உறுதிசெய்த விஷயம். ஒருவரின் வாழ்க்கையில் அவர் பேசக் கற்ற, நடக்கக் கற்ற, 'நான்' என்று தன்னை அறிந்த வருஷங்கள்தான் அவருக்கே கிடைக்காமல் போகின்றன. அந்த வருஷங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதி வைத்தால் உண்டு. எழுதாவிட்டால் இல்லை.

அதனால் நான் என் மகளைப் பற்றி எழுதுகிறேன். எல்லாத் தாய்மாரும் எழுத வேண்டும் என்றும், எழுதியதை ஊருக்குக் காட்டாமல் அந்தப் பிள்ளைக்காக வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோடு போட்ட சாதாரண நோட்டுதான். அவள் தூங்கிய பிறகு நாலைந்து வரி. தேதி, இடம், யார் இருந்தார்கள், அவள் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே. 'இன்று நன்றாகப் பேசினாள்' என்று எழுதினால் பத்து வருஷம் கழித்து அதற்கு ஒரு பொருளும் இருக்காது. என்ன பேசினாள் என்று எழுத வேண்டும். சாதம் தீர்ந்தால் "சாதம் டாட்டா." விளக்கு அணைந்தால் "லைட்டு டாட்டா." மழை விட்டபோது ஜன்னலில் நின்றுகொண்டு "மழை டாட்டா" என்று கையை ஆட்டினாள். போனது எதுவானாலும் அதற்கு அந்த ஒரே சொல். காலையில் நடந்ததும் "நேத்து", மாசி மகத்தில் நடந்ததும் "நேத்து." கடற்கரைச் சாலையில் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரரைப் பார்த்துப் "பூ மாமா" என்று கூப்பிட்டாள். நம்மூர்ப் போலீஸ் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். அதைச் செம்பருத்தி மாதிரி பார்க்க அவளுக்குத்தான் முடிந்தது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றே முக்கால் வயதில் என்னிடம் வந்து இரண்டு கையையும் தூக்கி, "உன்னத் தூக்கு, உன்னத் தூக்கு" என்பாள். நாங்கள் எல்லோரும் அவளிடம் "உன்னத் தூக்கணுமா?" என்றுதானே கேட்கிறோம்? அவள் காதில் விழுந்தபடி அவள் பெயர் 'உன்ன.' வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பல வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் சாயங்காலம், ஆடி மாதம், முத்தியால்பேட்டை வீட்டு வாசற்படியில், நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தவள் "என்னத் தூக்கு" என்றாள். யாரும் திருத்தவில்லை, சொல்லித்தரவில்லை. தான் இருப்பது ஒரு பக்கம், எதிரில் நிற்பவர் இன்னொரு பக்கம், பேசுகிறவர் மாறினால் சொல்லும் மாறும் என்று அந்தத் தலைக்குள் ஏதோ கூடியிருக்கிறது. மறுநாள் மறுபடியும் "உன்னத் தூக்கு." அதற்கடுத்த வாரம் இரண்டும் கலந்து வந்தது. அப்புறம் 'உன்ன' திரும்பி வரவே இல்லை. இந்த மாற்றம் எந்தப் புகைப்படத்திலும் விழாது. என் கைபேசியில் அந்த வாரம் எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றில் அவள் புதுப் பாவாடையில் சிரிக்கிறாள், அவ்வளவுதான்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனோம். மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் நாள். என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "சாமி பாரு, சாமி பாரு" என்று காட்டிக்கொண்டே இருந்தார். அவள் சாமியைப் பார்க்கவில்லை. பலூன்காரர் பம்பை அழுத்துவதையும், அழுத்த அழுத்த பலூன் பெரிதாவதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து தன் கன்னத்தை உப்பிக்கொண்டு ஆயாவிடம், அதாவது என் மாமியாரிடம், காட்டினாள். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது 'பாப்பா சாமி கும்பிட்ட நாள்.' நோட்டில் அது அவள் காற்றைக் கண்டுபிடித்த நாள்.

பிள்ளையின் வளர்ச்சியை யாருமே பதிவு செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே தாய்-சேய் அட்டை கொடுத்துவிடுகிறார்கள். எந்தத் தடுப்பூசி எப்போது என்ற அட்டவணை அதில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு நீலத்திலும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பிலும் எடைக் கோடுகள் இருக்கின்றன. அங்கன்வாடி ஊழியர் தராசில் வைத்து நிறுத்துப் புள்ளி வைக்கிறார். அந்தக் கோடுகள் எங்கிருந்தோ வந்தவையும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் டில்லிப் பிள்ளைகள் உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் அளந்து 2006இல் வெளியிட்டவை. இரண்டு வயதுப் பெண் பிள்ளையின் நடு எடை 11.5 கிலோ. துணையில்லாமல் நடப்பது எட்டாவது மாதத்துக்குப் பிறகு தொடங்கிப் பதினேழரை மாதம் வரை எப்போது நடந்தாலும் சரிதான் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று பதறும் தாய்மாருக்கு இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

அந்த அட்டை மிகவும் தேவை. என் மகளுடையதை நான் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். ஆனால் எடைக் கோட்டில் அவள் லட்சம் பிள்ளைகளில் ஒருத்தி. கன்னத்தை உப்பிக்காட்டியவளை அதில் பார்க்க முடியாது.

தாய்மார் எழுதிய நோட்டுகளுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஜெர்மனியிலிருந்த பிரெஸ்லாவ் நகரில் 1900ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளாரா ஸ்டெர்ன் என்ற பெண்ணுக்கு ஹில்டே என்ற மகள் பிறந்தாள். பிறந்த நாளிலிருந்தே தாயும் தந்தையும் அவளைப் பற்றிக் குறிப்பெழுதத் தொடங்கினார்கள். பிறகு பிறந்த ஒரு மகனுக்கும் இன்னொரு மகளுக்கும் எழுதினார்கள். 1918 வரை ஏறக்குறைய 5,000 பக்கம். பெரும்பகுதியை எழுதியது கிளாரா. கணவர் வில்லியம் ஸ்டெர்ன் உளவியல் பேராசிரியர். அந்த நோட்டுகளிலிருந்து 1907இல் குழந்தைகளின் மொழியைப் பற்றி இருவர் பெயரிலும் ஒரு புத்தகம் வந்தது. குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்ற ஆராய்ச்சிக்கு இன்றும் அது ஒரு அடிப்படை நூல். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை. வீட்டில் பிள்ளை வளர்த்த ஒருத்தியின் காதும் கையெழுத்தும்தான் இருந்தன.

சார்லஸ் டார்வினும் தன் மூத்த மகன் 1839இல் பிறந்ததிலிருந்து நோட்டு வைத்திருந்தார். அதை அவர் கட்டுரையாக வெளியிட்டது 1877இல். பிரான்சில் தேன் என்ற அறிஞர் ஒரு சிறுமி பேசக் கற்றதைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். டார்வினின் நோட்டில் மனைவி எம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. கட்டுரையில் அவர் பெயர் இல்லை. இதைப் படித்ததிலிருந்து என் நோட்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நம் மொழிக்கு இந்தக் கண் புதிதல்ல. பிள்ளைத்தமிழைப் பத்துப் பருவமாகப் பிரித்தவர்கள் பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்தவர்கள். ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. உட்கார்ந்து கைகொட்டுவது சப்பாணி. தளர்நடை போட்டு 'வா' என்றால் வருவது வாரானை. நிலாவைக் கேட்டுக் கைநீட்டுவது அம்புலி. எந்தப் பருவம் எந்த மாதத்தில் என்று கணக்கும் உண்டு. பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் தனியாக இருக்கின்றன. ஆனால் பாடப்பட்டவர்கள் சாமிகள், அரசர்கள், பெரியவர்கள். மீனாட்சியம்மைக்குக் குமரகுருபரர் பாடினார். பாகூரில் ஐப்பசிக் கடைசியில் பிறந்த என் அம்மா செங்கீரை ஆடியதை யார் பாடுவார்? பாட வேண்டாம், நாலு வரி எழுதியிருந்தால் போதும்.

ஊரைப் பொறுத்தவரை எனக்கு ஒரு பெருமை உண்டு. நாட்குறிப்பு என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வரும் மனிதர் எங்கள் ஊர்க்காரர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 25 ஆண்டு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, குவர்னர் துரை என்ன கேட்டார், யாருக்கு என்ன மரியாதை நடந்தது, யார் வீட்டில் கல்யாணம், ஊரில் என்ன வதந்தி என்று எதையும் விடவில்லை. 1846இல் அந்தக் கையெழுத்துப் படிகள் வெளிச்சத்துக்கு வந்திராவிட்டால் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் பேச்சே நமக்குக் கேட்டிருக்காது. பெரிய மார்க்கெட் பக்கம் அவர் பெயரிலுள்ள தெருவில் காய்கறிப் பையோடு நடக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பெரிய எழுத்தில் வீட்டுக்குள்ளிருந்த பெண்கள், சிறுபிள்ளைகள் பேச்சு மிகக் குறைவு. அவர் துபாஷ், அதாவது பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகரும்; அவருடைய வேலை கோட்டையிலும் கடைத்தெருவிலும் இருந்தது. வீட்டுக்குள் நடந்ததை எழுத வேண்டியவர்களுக்கு அன்று எழுத்து கற்றுத்தரப்படவில்லை. இன்று நமக்குத் தெரியும்.

வீட்டுக்குள்ளிருந்து பார்த்த ஒரு சிறுமி எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். அவரைப் பற்றிய அரசியல் செய்திகள் போலீஸ் கோப்புகளில் கிடைக்கும். அவர் எப்படிச் சாப்பிட்டார், எதற்குக் கோபித்தார், பிள்ளைகளோடு எப்படி விளையாடினார் என்பதை, அவருடைய நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகளாகப் பாரதி வீட்டில் ஓடியாடிய யதுகிரி அம்மாளும், பாரதியின் மகள் சகுந்தலாவும் எழுதியதிலிருந்து நாம் அறிகிறோம். இரண்டு பெண்களின் பிள்ளைப் பருவத்து நினைவு இல்லையென்றால் அந்தப் பத்து வருஷத்தின் அடுப்பங்கரை நமக்குப் பெருமளவு இருட்டாக இருந்திருக்கும்.

என் மாமியாருக்கு முதலில் இந்த நோட்டு பிடிக்கவில்லை. "பிள்ள வளர்றத எழுதாதம்மா, கண்ணு பட்டுடும். எடை கூட வெளிய சொல்லக் கூடாதுன்னுவாங்க எங்க அம்மா," என்றார். நான் வாதாடவில்லை. அவர் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று அவர் கண்ட கணக்கு எனக்குத் தெரியும். பிள்ளையை மறைத்து வைப்பதுதான் அன்று காப்பு. "அத்தை, நான் யாருக்கும் காட்டலை. அவளுக்குத்தான் எழுதறேன்," என்றேன். கொஞ்ச நாளில் அவரே வந்து சொல்ல ஆரம்பித்தார். "இத எழுதிக்கோ. இன்னிக்கு என் சுருக்குப்பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, 'ஆயா வேலைக்குப் போறேன்'னா." பகலில் நான் பத்திரம் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்து வரிகளெல்லாம் அவர் சொல்லி நான் எழுதியவை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் அவளைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து, தன் கையால் எழுதுகிறார். அவர் எழுத்து வேறு மாதிரி. அவள் எந்தப் படியில் நின்று குதித்தாள், எத்தனை படி என்று இருக்கும். எழுதுவது தாயின் வேலை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

அத்தை சொன்ன கண்ணேறு ஒரு விதத்தில் சரி என்றே எனக்குப் படுகிறது. இன்று கண் உண்மையாகவே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பிள்ளை குளிப்பதை, அழுவதை, கழிப்பறையில் உட்கார்வதைக்கூடக் காணொளியாகப் போடுகிறார்கள். பிறந்த தேதி, பள்ளியின் பெயர் தெரியும் சீருடை, வீட்டு வாசல், தினமும் போகும் பூங்கா எல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்குப் போய்ச் சேருகின்றன. போடுகிறவர்கள் பாசத்தில்தான் போடுகிறார்கள், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது அதன் வகுப்பில் உள்ளவர்கள் கையில் அந்தப் படம் இருக்கும். திரும்ப வாங்க முடியாது.

இங்கே பல குடும்பங்கள் இன்னும் குடியுரிமை வைத்திருக்கும் பிரான்சில், 2024 பிப்ரவரியில் இதற்கென ஒரு சட்டம் வந்தது. பிள்ளையின் படத்தின் மேல் பிள்ளைக்கு உள்ள உரிமையைக் காப்பது பெற்றோர் இருவரின் கூட்டுக் கடமை என்று அந்நாட்டு உரிமையியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்றபடி பிள்ளையையும் கேட்க வேண்டும். பெற்றோருக்குள் கருத்து வேறுபட்டால், மற்றவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று குடும்ப நீதிபதி தடுக்கலாம். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. பெற்றோரே வெளியிட்டால்? தனிப்பட்ட, வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் கையாளும் தகவல் அந்தச் சட்டத்துக்குள் வராது. நிறுவனங்களிடமிருந்து பிள்ளையைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் நம்மிடம் கொடுத்திருக்கிறது. நம்மிடமிருந்து பிள்ளையைக் காக்க அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அதை நாமே செய்ய வேண்டும்.

நோட்டு எழுதுவது வெறும் ஆசைக்கு மட்டுமல்ல, சமயத்தில் கைகொடுக்கவும் செய்யும். குழந்தை மருத்துவர் முதலில் கேட்பது, "எப்போதிலிருந்து?" என்பதுதான். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துத் தானாகப் பேசவில்லை என்றாலோ, பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டாலோ, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ காட்டிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். காது கேட்காத குறையைச் சீக்கிரம் கண்டால் பேச்சு வர வழி உண்டு. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு, வரும்" என்று வீட்டில் தள்ளிப்போடுவதைப் பார்க்கிறோம். அப்பா எப்போது பேசினார் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. தேதி போட்ட பத்து வரி இருந்தால் தாய் துணிந்து மருத்துவர் முன் வைக்கலாம். தாயின் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தாய்-சேய் அட்டையோடு சில வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துத் தையுங்கள். தலைப்பு வேண்டாம், கட்டம் வேண்டாம். எழுதத் தெரியாத தாய் சொல்ல, அங்கன்வாடி ஊழியர் மாதத்துக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்கட்டும். எடையை எழுதும் அதே பேனா போதும். செலவு கொஞ்சம் தாள்தான். ஏற்கெனவே பல பதிவேடுகளைச் சுமக்கும் அந்த ஊழியர்களுக்கு இது இன்னொரு கட்டாயப் பாரமாகிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தேவையற்ற ஒரு பதிவேட்டைக் குறைத்துவிட்டு இதைக் கொடுங்கள்.

என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. நான் எழுதும்போது சில நாள் விழித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் நேத்து எழுதுறேன்" என்று பேனாவைப் பிடுங்குவாள். சில பக்கங்களில் அவள் கிறுக்கலும் இருக்கிறது. அதையும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் நோட்டு முழுவதும் அவளிடம் போய்விடும். படிக்கலாம், படிக்காமல் அலமாரியில் வைக்கலாம். தன்னைப் பற்றி இது இருக்க வேண்டாம் என்று அவள் நினைக்கும் பக்கத்தைக் கிழித்துவிடலாம். அதற்காகவே தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன், ஒன்றைக் கிழித்தால் இன்னொன்று போகக் கூடாது.